6.42: ஜன்னல் திறக்கப்பட்டது

என் மனைவி என்னிடம் கேட்டது பத்து ஞாயிற்றுக்கிழமைகள். நகரின் மறுகோடியில், கழக்கூட்டம் என்ற பகுதியில் ஒரு ஃபிளாட்டில் கூடும் தியானக் குழுவுக்கு அவள் ஓராண்டாகப் போய்க்கொண்டிருந்தாள். மகள் கல்யாணமாகிப் போனபின் பிடித்துக்கொண்ட பழக்கம். அதுவரை நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் குழு மலையடிவாரத்தில் கல்லாறு என்ற ஊரில், ஆற்றங்கரையை ஒட்டிய ஒரு பழைய வீட்டை எடுத்து, மூன்று மாதம் அங்கேயே தங்கப் போகிறது என்றும், சமையல் பொறுப்புக்கு இவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றும் தெரிந்தபோதுதான் எனக்குச் சோறு இறங்கவில்லை.

கரமனையில் எங்கள் வீட்டுக்கு மூன்றாவது வீட்டில் இருக்கும் அவள் தம்பி எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றினான். "அத்தான், அது கல்ட்டாக்கும். முதல்லே மூணு மாசம்னு சொல்லுவாங்க. பிறகு ஆளு திரும்பாது, கேட்டேளா."

அவளோ நிதானமாகச் சொன்னாள். "பத்து ஞாயிறு என்கூட வந்து பாருங்க. அதுக்கப்புறம் வேண்டாம்னு சொன்னா நான் போகலை. ஆனா கண்டதைத்தான் சொல்லணும்."

நான் இருபத்தெட்டு வருடமாக நாட்குறிப்பு எழுதுகிறவன். அலுவலகத்திலும் கூட்டங்களின் மினிட்ஸ் எழுதுவதே என் வேலை. எனவே ஒரு புது நோட்டை எடுத்து, முதல் பக்கத்தில் நான்கு கேள்விகளை எழுதினேன். வீட்டாரை விட்டு விலகச் சொல்கிறார்களா? கேள்வி கேட்டால் கோபிக்கிறார்களா? விட்டுப் போனவர்களைப் பற்றி என்ன பேசுகிறார்கள்? தலைவருக்கு ஒரு சட்டம், மற்றவருக்கு ஒரு சட்டமா? ஒவ்வொன்றின் கீழும் பதிலுக்கு ஐந்து வரி இடம் விட்டேன்.

குழுவுக்குப் பெயர்கூடக் கிடையாது. வாட்ஸ்அப்பில் 'ஞாயிறு' என்று மட்டும் இருந்தது. கூடத்தின் நடுவில் ஒரு வெண்கல உருளியில் தண்ணீர். படமில்லை, மந்திரமில்லை, விளக்கில்லை. காலை ஆறு மணிக்குச் சுற்றிலும் பாய் போட்டு உட்கார்ந்து, ஒன்றரை மணி நேரம் அந்தத் தண்ணீரைப் பார்க்க வேண்டும். நடத்தியவர் நாற்பது வயதுப் பெண்மணி. முன்பு மென்பொருள் நிறுவனத்தில் மேலாளராக இருந்தவர். எல்லோரும் அவரைச் சேச்சி, அதாவது அக்கா, என்றார்கள், அறுபது வயதுக்காரர்கள் உட்பட.

முதல் ஞாயிறு எனக்கு முதுகுவலி. இரண்டாவது ஞாயிறு தூங்கிவிட்டேன். மூன்றாவது ஞாயிறு முதல் பதில்கள் கிடைக்கத் தொடங்கின. சேச்சி தன் தம்ளரைத் தானே கழுவி வைத்தார்; நான்காம் கேள்விக்குக் குறித்துக்கொண்டேன். குழுவை விட்டு ஒருவர் ஸும்பா வகுப்புக்குப் போய்விட்டாராம். அவரைப் பற்றிப் பேச்சு வந்தபோது, "ஆளு நல்லா மெலிஞ்சு போச்சு, அல்லே?" என்று பொறாமைப்பட்டார்களே தவிர, யாரும் குறை சொல்லவில்லை. மூன்றாம் கேள்விக்கும் பதில் ஆயிற்று. பெற்றோரைப் பார்க்கப் போவதால் அடுத்த வாரம் வர முடியாது என்ற பெண்ணுக்குச் சேச்சி பலாப்பழம் கொடுத்தனுப்பினார். முதல் கேள்வியும் முடிந்தது. இரண்டாவது கேள்வியின் கீழ் மட்டும் ஐந்து வரிகளும் காலி. அங்கே யாரும் எதையும் கேட்கவே இல்லை.

ஐந்தாவது ஞாயிறு சேச்சி என் பாயருகே வந்தார். "சாரே, நீங்க எழுதிக்கிட்டே இருக்கீங்களே. புதுசா வர்றவங்களுக்கு, இங்கே என்ன நடக்கும்னு ஒரு பக்கம் எழுதித் தரலாமோ?"

வேவு பார்க்க வந்தவனிடம் வேலை கொடுத்துவிட்டார். எனக்கு உள்ளூரப் பெருமையும்தான். அன்று இரவே நான்காவது ஞாயிற்றின் குறிப்புகளைச் சுத்தமாகப் பிரதி எடுத்து, தட்டச்சு செய்து, 'ஞாயிறு' குழுவில் போட்டேன்.

அடுத்த இரண்டு ஞாயிறும் என்னால் போக முடியவில்லை. ஒன்று திருநெல்வேலியில் கல்யாணம், மற்றொன்று ஜலதோஷம். மனைவி மட்டும் போய் வந்தாள். எட்டாவது ஞாயிறு நான் போனபோது கூடத்தில் இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். பாதிப் பேர் புதியவர்கள். உட்கார்ந்தோம். சரியாக ஆறு நாற்பத்திரண்டுக்கு ஒருவர் எழுந்து போய்க் கிழக்கு ஜன்னலைத் திறந்தார். உடனே எல்லோரும் எழுந்து, ஒரு பாய் அகலத்துக்கு இடப்பக்கம் நகர்ந்து, மறுபடி உட்கார்ந்தார்கள். சேச்சியும் நகர்ந்தார். என் மனைவியும் நகர்ந்தாள், என்னைப் பார்க்கவில்லை.

பக்கத்தில் இருந்த முப்பது வயது மென்பொருள்காரர் புதியவர் ஒருவருக்குக் கிசுகிசுத்தார். "இடதுன்னா இதயப் பக்கம். ஜன்னல் திறக்கறது உள்ளே இருக்கறதை வெளியே விடறதுக்காக்கும்."

நோட்டைப் புரட்டினேன். நான்காவது ஞாயிறு நடந்தது இதுதான்: ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டியது. அதை அணைத்தார்கள். புழுக்கம் தாங்காமல் ஜன்னலைத் திறந்தார்கள். ஈரத்துக்குத் தப்ப எல்லோரும் இடப்பக்கம் நகர்ந்தோம். ஆனால் மினிட்ஸில் நடவடிக்கையைத்தான் எழுதுவோம், காரணத்தை எழுதும் வழக்கமில்லை. நான் எழுதியிருந்தது: '6.42: ஜன்னல் திறக்கப்பட்டது. அனைவரும் ஒரு பாய் அளவு இடப்பக்கம் நகர்ந்தனர்.'

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஸ்கூட்டரில் அதையே யோசித்தேன். அவளைக் கரமனையிலேயே நிறுத்திவைக்க இதைவிடச் சிறந்த சாட்சி கிடைக்காது. அவள் தம்பியிடம் சொன்னால் தெருவே சிரிக்கும். ஆனால் அந்தச் சடங்கைத் தொடங்கியது சேச்சி அல்ல. இருபத்தெட்டு வருட அனுபவமுள்ள நான். ஒன்பதாவது ஞாயிறும் நகர்ந்துவிட்டு வந்தேன்.

பத்தாவது ஞாயிறு, எல்லோரும் உட்காரும் முன் கையைத் தூக்கினேன். "ஒரு திருத்தம் உண்டு" என்று தொடங்கி ஏசி, தண்ணீர், புழுக்கம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். "இப்போ ஏசி சரியாத்தான் இருக்கு. பிறகு நாம எதுக்கு நகர்றோம்?" என்று முடித்தேன்.

சேச்சி சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரித்தார். "சாரே, எல்லாரும் எழும்பினப்போ, நீங்க எல்லாம் பேசி முடிவு பண்ணினதுன்னு நினைச்சேன். அதான் நானும் எழும்பினேன்!"

இதயப் பக்கத்துக்காரருக்கு மட்டும் வருத்தம். "ஆனா எனக்கு நகர்ந்த பிறகு ஒரு சுகம் தெரிஞ்சது, சேச்சி."

"ஜன்னல்லேந்து காத்து வந்திருக்கும், மோனே. அதுவும் சுகம்தானே? வேணும்ங்கறவங்க நகருங்க, வேண்டாதவங்க இருங்க."

ஆறு நாற்பத்திரண்டுக்குப் பாதிப் பேர் நகர்ந்தார்கள். நான் நகரவில்லை. ஆனால் ஜன்னலைத் திறந்தது நான்தான். அந்த நேரத்துக் காற்று உண்மையிலேயே நன்றாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் நோட்டை எடுத்து, இரண்டாவது கேள்வியின் கீழ் எழுதினேன்: 'கேட்டேன். சிரித்தார்கள்.' நான்கு வரி மிச்சம். நோட்டை அவளிடம் நீட்டினேன்.

"படிச்சாச்சு" என்றாள். "மேசையிலே திறந்து வெச்சிட்டுத்தானே தினமும் குளிக்கப் போறீங்க? முதல் வாரமே நாலு கேள்வியையும் பார்த்துட்டேன்."

"அப்போ ஜன்னல் விஷயம்?"

"ஏசி சொட்டினது என் தலைமேலேயாக்கும். எனக்குத் தெரியாதா? நீங்க சொல்றீங்களா, மறைக்கறீங்களான்னுதான் பார்த்துட்டிருந்தேன்."

"போயிட்டு வா" என்றேன். ஞாயிறுதோறும் நானும் கல்லாற்றுக்கு வருவதாக ஏற்பாடு. தம்பிக்குத்தான் ஏமாற்றம்.

கிளம்பும் அன்று காலை பழவங்காடிப் பிள்ளையார் கோவிலுக்குப் போனோம். கல்யாணமான நாள் முதல், யார் ஊருக்குப் போனாலும் அங்கே ஒரு தேங்காய் உடைப்பது எங்கள் வழக்கம். இனி இவள் செய்வாளோ என்று எனக்குச் சந்தேகம் இருந்தது.

"உருளி வேற, பிள்ளையார் வேற" என்று தேங்காயை வாங்கிக்கொண்டாள்.

ஊருக்குப் போவதற்கு ஏன் தேங்காய் உடைக்கிறோம் என்று வரிசையில் நிற்கும்போது யோசித்தேன். எனக்குத் தெரியவில்லை. காரணத்தை எழுதாமல் விட்டவர் யாரோ, அவர்மேல் எனக்குக் கொஞ்சம் பிரியம் வந்தது.

அவள் ஓங்கி எறிந்தாள். தேங்காய் கல்லில் பட்டு, உடையாமல் உருண்டு என் காலடிக்கு வந்தது. எடுத்துக் கொடுத்தேன். இரண்டாவது முறை சுக்குநூறானது.

"இதை மட்டும் எழுதிராதீங்க" என்றாள், கையைத் துடைத்துக்கொண்டே. "அடுத்த மாசத்திலேயிருந்து எல்லாரும் ரெண்டு தடவை எறிவாங்க."