ஷீபாவுக்காக நான் எழுதிய பரீட்சை

சபையில் எழுந்து நின்று பேச எனக்கு எப்போதும் கூச்சம். பத்தாவதோடு நின்றவள் பெரிய படிப்பைப் பற்றி எழுதத் துணிந்ததை மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஆறு வருடத்துக்கு முன்பு ஒரு சித்திரை வெயிலில், எங்கள் சபைப் பெண் ஷீபா கரியாலூர் மலைப்பாதையில் வண்டியிலிருந்து விழுந்து வலது கையை முறித்துக்கொண்டாள். பத்து நாளில் பரீட்சை. இன்ஜினீயரிங்கில் ஒரே ஒரு கணக்குப் பேப்பர் பாக்கி. அதுவே கடைசி வாய்ப்பு. தவறினால் பட்டம் கிடையாது.

அவள் சொல்லச் சொல்ல எழுத ஆள் வைத்துக்கொள்ளலாம் என்று கல்லூரியில் சொன்னார்கள், ஆனால் அவர் அதிகம் படித்திருக்கக் கூடாது என்றார்கள். சபையின் ஜெபக் குறிப்பு நோட்டை எழுதுகிறவள் நான் என்பதால் என்னிடம் வந்தாள். என் பிழையால் ஒரு பிள்ளையின் வாழ்வு கெட்டால்? அழுது ஜெபித்துவிட்டு ஒப்புக்கொண்டேன்.

ரிஷிவந்தியத்தில் அவள் வீட்டில் தினமும் சாயங்காலம் பழகினோம். அந்த நாட்களை நினைத்தால் இன்றும் கண் நிறைகிறது. ஆறைத் திருப்பிப் போட்டதுபோல ஒரு கணக்குக் குறி வரும்; அதை நான் எழுதியதைப் பார்த்து ஷீபா கேட்டாள்:

"இன்னாக்கா இது, ஆறாம் நம்பரா? தலைய இந்தாண்ட திருப்புங்க."

"உன் கணக்குல எழுத்துக்குக் கூட கழுத்து சுளுக்கிக்கினு இருக்குது."

ஃபைனைட் டிஃபரன்ஸ் என்ற முறை அங்கேதான் எனக்குப் புரிந்தது. சூடான தகட்டில் எங்கே எவ்வளவு சூடு என்று சொல்லும் சமன்பாட்டை நேராகத் தீர்ப்பது கடினம். அதனால் தகட்டைக் கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். ஓரத்து எண்கள் தெரியும். உள்ளே ஒவ்வொரு புள்ளிக்கும் அக்கம்பக்கத்து நான்கு எண்களைக் கூட்டி நாலால் வகுக்க வேண்டும். எண்கள் மாறாமல் நிற்கும்வரை சுற்றிச் சுற்றி வர வேண்டும்.

பரீட்சையில் இரண்டாம் சுற்று. நூற்று நாற்பதை நாலால் வகுத்து, "நாப்பத்தஞ்சு" என்றாள். முப்பத்தைந்து என்று எனக்குத் தெரியும். வாயைத் திறந்தால் இருவரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள். 'ஆண்டவரே, என் வாயைக் காத்துக்கொள்ளும், இவளை நீரே பார்த்துக்கொள்ளும்' என்று உள்ளுக்குள் கெஞ்சியபடி நாற்பத்தைந்து என்றே எழுதினேன்.

மூன்றாம் சுற்றில் அந்த எண் இறங்கியது. நான்காவதில் இன்னும் இறங்கியது. ஏழாவதில் எல்லா எண்களும் அசையாமல் நின்றன.

வெளியே வந்ததும் அழுதுகொண்டே சொன்னேன். ஷீபா யோசித்துவிட்டுச் சிரித்தாள்.

"நடுவுல தப்பு வந்தா சுத்தச் சுத்த அதுவே கரைஞ்சிடும்க்கா. விடை சரிதான்."

தேர்ச்சி பெற்றாள். அந்த முறையை உண்டாக்கியவர்களுக்கு அறிவு கொடுத்தவர் கர்த்தர். பழைய தவறுகளையே எண்ணி ஒடுங்கிக் கிடந்தவள் நான், அன்றோடு அதை விட்டேன். உங்களிடமும் தவறான எண் ஒன்று இருந்தால், அவரிடம் சொல்லிவிட்டு அடுத்த சுற்றை எழுதுங்கள்.

பரீட்சைக்கு மறுநாள் நான் வழக்கம்போல மரவள்ளிக் காட்டில் களை எடுக்கப் போனேன்.