பங்குனி உத்திரத்தன்று ஓடிய கணக்கு

போன வருடம் பங்குனி உத்திரத்துக்கு நான் பால்குடம் எடுக்கவில்லை. மகன் கால் ஒடிந்து கிடந்தபோது, செமோர் பக்கம் எங்கள் பழைய தோட்டத்து முருகனுக்கு நேர்ந்துகொண்டது. அவன் எழுந்து நடந்துவிட்டான், நான்தான் போகவில்லை. போகவிடாதவர் என் சூப்பர்வைசர்.

மலேசியாவில், ஈப்போ நகரில், எண்ணெய் எடுக்கும் செம்பனைப் பழம் வாங்கும் கம்பெனியில் ஆர்பிஜி மொழியில் புரோகிராம் எழுதுகிறேன். சூப்பர்வைசரும் என்னைப்போல் ஐந்தாம் படிவப் பள்ளிப் படிப்போடு வந்து, வேலையில் கற்றவர்தான். லாரிக்கு லாரி விலை பார்த்துச் சொல்ல நான் ஒரு புரோசீஜர் எழுதியிருந்தேன். விலை ஃபைலை அதற்குள்ளேயே வைத்து ‘ஸ்டாட்டிக்’ என்று போட்டிருந்தேன். அப்படிப் போட்டால் ஒரு தடவை திறந்த ஃபைல் திறந்தே இருக்கும். எல்லாம் முடிந்ததும் ஒரு தடவை மூடினால் போதும்.

அந்தக் கடைசி மூடலை, என் புரோசீஜரைக் கூப்பிட்டுக் கணக்கு ஓட்டும் தன் புரோகிராமில் சேர்க்க அவர் மறந்துவிட்டார். ஃபைல் திறந்தே கிடந்து பேக்கப் நின்றுபோனது.

“அக்கா செஞ்ச கோளாறு சார், அவங்களே உக்காந்து பாக்கட்டும்” என்று என்னைக் காட்டி மேனேஜரிடம் சொல்லி என் லீவை வெட்டினார். உத்திரத்தன்று விரதத்தோடு கணினி முன்னால் உட்கார்ந்து அழுதேன்.

பிறகு என் புரோசீஜரிலிருந்து அந்த ஸ்டாட்டிக்கையே அவர் எடுத்துவிட்டார்.

“அண்ணே, இனிமே லாரிக்கு லாரி ஃபைலத் தொறந்து தொறந்து மூடும். ஒரு பிடி அரிசிக்கு ஒரு தடவ டின்ன தொறக்கற மாதிரி” என்றேன்.

“நீங்க சாமி கும்பிடுங்கக்கா. புரோகிராம நான் பாத்துக்கறேன்லா.”

அவர் மாற்றியபடியே விட்டுவிட்டேன். இந்த வருடம் தெலுக் இந்தான் ஊர் லாரிகளும் எங்கள் கணக்கில் சேர்ந்தன. உத்திரமும் மாதக் கணக்கு ஓடும் நேரத்தில் வந்தது. அத்தனை லாரிக்கும் ஃபைலைத் திறந்து திறந்து மூடினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். முதல் ஆளாக லீவு எழுதிக் கொடுத்தேன்.

தலையில் குடம் ஏற்றும் நேரம் போன் வந்தது.

“அக்கா, நேத்து விட்ட மாசக் கணக்கு இன்னும் ஓடுது. மேனேஜர் பக்கத்துலயே நிக்கிறாரு. என்ன செய்யட்டும்?”

“ஓடி முடியும்ணே. பொறுமையா இருங்க.”

“ஒரே ஒரு வழி சொல்லுங்கக்கா, பிளீஸ்லா!”

“மேளம் அடிக்கறாங்கண்ணே, ஒண்ணும் கேக்கல.”

மேளம் இன்னும் தொடங்கவே இல்லை. போனைக் கூட வந்திருந்த என் அக்காவிடம் கொடுத்துவிட்டு நடந்தேன். ஒரு சொட்டுப் பால் சிந்தவில்லை. என் பிள்ளையின் காலுக்காக முருகனுக்கு நன்றி சொன்னேன். கூடவே, அந்தக் கணக்கு பொழுது சாய்வதற்குள் முடியவே கூடாது என்றும் மனதார வேண்டிக்கொண்டேன். முருகன் இரண்டையும் ஏற்றுக்கொண்டான்.