மஞ்சள் நூல் கட்டிய தக்காளி

கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் பத்தடி அகலத்தில் ஒரு நிலத்துண்டு இருக்கிறது. அதில் ஆறு வருடங்களாக ஒரே வகைத் தக்காளியைத்தான் வளர்த்து வருகிறேன். பன்வில என்ற ஊரிலிருந்து என்னோடு வேலைக்கு வந்துகொண்டிருந்த ஒருவர், ஓய்வு பெற்றுப் போகும்போது கடித உறையில் போட்டுத் தந்த விதை. பழம் தட்டையாக, பூசணி போல மடிப்பு மடிப்பாக இருக்கும். தோல் மிக மெல்லியது. லொறியில் ஏற்றினால் வெடித்துவிடும் என்பதால் எந்தக் கடையிலும் கிடைக்காது. புளிப்பும் இனிப்பும் சரிபாதி. விதைத்த நாள், முளைத்த நாள், முதல் பூ, முதல் பழம் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி வைக்கிறேன்.

போன வருடம் கையிலிருந்த விதை முழுவதையும் விதைத்துவிட்டேன். அது என் பிழை. மழை விடாமல் பெய்ததில் செடிகள் ஒவ்வொன்றாக வாடின. கடைசியில் ஒரு செடி மிஞ்சியது. அதில் ஒரு பழம். அதை யாரும் பறித்துவிடக் கூடாது என்பதற்காகத் தையல் பெட்டியில் முதலில் அகப்பட்ட நூலைக் காம்பில் கட்டினேன். அது மஞ்சள் நூல்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் போய்ப் பார்த்தபோது பழம் இல்லை. கோயிலுக்குப் போய் வந்திருந்த மனைவியிடம் கேட்டேன்.

"நான்தான் பிடுங்கிக் கோயிலுக்குக் கொண்டுபோய்க் குடுத்தனான்," என்றாள். "மஞ்சள் நூல் கட்டியிருந்தது. என்ர முழங்காலுக்கு நீங்கள் நேர்த்தி வைச்சிருக்கிறியள் எண்டு நினைச்சன்."

இரண்டு மாதமாக அவள் முழங்கால் வலியோடு ஆஸ்பத்திரிக்கு அலைந்துகொண்டிருந்தாள். நான் ஒரு நேர்த்திக்கடனும் வைக்கவில்லை. வைத்திருக்கலாம் என்று அப்போதுதான் தோன்றியது. கோபப்பட முடியவில்லை. அது விதைக்கு வைத்த பழம் என்று மட்டும் சொன்னேன். அவள் முகம் வாடிவிட்டது. உடனே போய்க் கேட்டுப் பாருங்கோ என்று குடையை எடுத்துக் கையில் தந்தாள்.

கோயிலில் ஐயருக்கு நன்றாக நினைவிருந்தது. வாழைப்பழங்களுக்கு நடுவே ஒரு தக்காளி வந்தால் யார் மறப்பார்கள்? பூசை முடிந்ததும் அதைக் கோயில் கூட்டும் அம்மாவிடம் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். அந்த அம்மாவின் வீடு மஹய்யாவில். பஸ்ஸில் போகும் வழியெல்லாம், பிரசாதத்தை எப்படித் திருப்பிக் கேட்பது என்றுதான் யோசித்தேன்.

அந்த அம்மா உட்காரக் கதிரை எடுத்துப் போட்டார். நான் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொல்லி முடித்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"சாமிக்குக் குடுத்தத திருப்பிக் கேட்டு வந்த மொத ஆளு நீங்கதாங்கய்யா. பாதிய சின்னவளுக்குக் குடுத்துட்டேன். மத்த பாதி, பெரியவ ஸ்கூல் விட்டு வரட்டும்னு மூடி வச்சிருக்கேன்."

ஒரு பிள்ளையின் பங்கை எப்படி வாங்குவது? வேண்டாம் என்று எழுந்தேன். அவர் என்னை உட்காரச் சொல்லிவிட்டு, பாதிப் பழத்தையும் ஒரு கரண்டியையும் கொண்டுவந்தார். விதைகளைச் சாறோடு ஒரு கிளாசில் வழித்துப் போட்டார்.

"விதைய நீங்க கொண்டு போங்க. சதை எங்களுக்கு. சரிதானே?"

கிளாசின் வாயைத் தாளால் மூடிக்கொண்டு பஸ்ஸில் நின்றபடியே வீடு திரும்பினேன். தண்ணீர் விட்டு மூன்று நாள் புளிக்க வைத்து, கழுவி, தட்டில் உலர்த்தி எண்ணினேன். ஐம்பத்து மூன்று. தை மாதம் பாதியை மட்டும் விதைத்தேன், மிச்சம் போத்தலில். ஏழாம் நாள் முளை கண்டது. நாற்றுகளில் ஐந்தை மஹய்யாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அங்கே நிலமில்லை. பெயின்ட் வாளிகளில் நட்டார்கள்.

அவர்களுடையது எங்களுடையதற்கு ஒன்பது நாள் முந்திப் பழுத்தது. வாளித் தக்காளி எப்படி முந்தியது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. சாப்பிட வரும்படி அந்த அம்மா கோயிலில் வைத்து என் மனைவியிடம் சொல்லியனுப்பியிருந்தார். இருவரும் போனோம். படியேறும்போது மனைவி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். பெரிய மகள் பழத்தை வட்டமாக வெட்டி, உப்பும் மிளகும் தூவித் தட்டை நீட்டினாள். அன்று விதையோடு சேர்த்தே சாப்பிட்டோம்.