கழுவிக் கொடுத்த சாத்துக்குடி

ஸ்ரீராம்புரம் மார்க்கெட்டின் பின்புறம் குப்பை வாரும் அந்த அக்காவின் பெயரை நான் கேட்டதே இல்லை. நெடுநெடுவென்று உயரம், நெற்றியில் பெரிய குங்குமம். பேச நின்றால் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொள்வார்.

தொண்ணூறுகளின் கடைசியில் நுண்ணுயிரியல் படித்துக்கொண்டிருந்தேன். பழத்தோலைக் கரைக்கும் நொதியைச் சுரக்கிற பாக்டீரியாவைப் பிரித்தெடுக்க எனக்கு அழுகிய பழங்கள் வேண்டியிருந்தன. முதல் வாரம் அவர் எடுத்து வைத்திருந்த சாத்துக்குடிகளிலிருந்து உருப்படியாக எதுவும் வளரவில்லை. விசாரித்தால், அவற்றைக் குழாயடியில் தேய்த்துக் கழுவியிருக்கிறார்!

"படிக்கிற பொண்ணு கையில அப்படியே எப்பிடிம்மா குடுக்கறது? ஒரே கலீஜா இருந்திச்சி."

எனக்கு எரிச்சலாக வந்தது. "அந்தக் கொழகொழப்புதான்க்கா எனக்கு வேணும். அதுல இருக்கற கிருமிதான் தோலைக் கரைக்குது."

அவர் சற்று யோசித்தார். பிறகு முந்தானையிலிருந்து கைகளை எடுத்து என் முன்னால் விரித்தார். விரலிடுக்குகளில் தோல் வெளுத்து உரிந்து, உள்ளே சிவந்திருந்தது.

"அப்போ இதுவும் அந்தக் கிருமி வேலதானா?"

எனக்குத் தெரியாது. ஆனாலும், "சேச்சே, அது பழத்தோலை மட்டும்தான்க்கா கரைக்கும்" என்று உடனே சொல்லிவிட்டேன்.

அவர் முகம் தெளிந்தது. குவியலிலிருந்து நன்றாக அழுகிய சாத்துக்குடி ஒன்றை வெறுங்கையால் எடுத்து, கழுவாமல் நீட்டினார். நான் பையிலிருந்து கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டு வாங்கினேன்.

அவர் என் கைகளையே பார்த்தார். தன் கைகளை மறுபடி முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டார்.