ஏரிக்கரை பெஞ்சில் பின்னிய கூடைகள்

கலிஃபோர்னியாவில், ஃப்ரீமான்ட்டில் எங்கள் அபார்ட்மென்ட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஓர் ஏரியும் அதைச் சுற்றி ஒரு பூங்காவும் இருக்கின்றன. பல வருஷங்களாக அந்தப் பக்கம் காரில் போய்வந்திருக்கிறேனே தவிர, இறங்கி நடந்ததில்லை. என்னை நடக்க வைத்தவள் கீழ்வீட்டுக்குக் குடிவந்த ஈரோட்டுப் பெண். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவள். கணவர் ஐ.டி.யில் இருந்தார். அவருடைய விசாவை ஒட்டி வந்தவள் என்பதால் அவள் வேலைக்குப் போக முடியாது. மகளைப் பள்ளியில் விட்டுவிட்டுத் திரும்பும்போது ஒருநாள் மாடிப்படியில் என்னைப் பார்த்து நின்றாள்.

"அக்கா, சும்மா ஒரு ரவுண்டு நடந்துட்டு வரலாங்களா? தனியா போறதுக்கு ஒரு மாதிரியா இருக்குது."

வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவள் நான். மீட்டிங்குகள் தொடங்கக் கொஞ்சம் நேரம் இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

முதல் சில நாட்கள் பள்ளிக்கூடம், இட்லி மாவு புளிக்காதது, எந்தக் கடையில் முருங்கைக்காய் நன்றாக இருக்கிறது என்று பேசிக்கொண்டே ஏரியைச் சுற்றினோம். பிறகு ஒருநாள் தோளில் ஒரு துணிப்பை மாட்டிக்கொண்டு வந்தாள். பாதிச் சுற்றில் யூகலிப்டஸ் மரத்தடியில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து அதிலிருந்து கூடை வயரை எடுத்தாள். நம் ஊரில் காய்கறிக்கும் சாப்பாட்டு டப்பாவுக்கும் கொண்டுபோவோமே, அதே பிளாஸ்டிக் வயர் கூடை. அடிப்பாகம் ஏற்கெனவே பின்னி முடித்திருந்தது.

"இதை எதுக்கும்மா இங்க தூக்கிட்டு வந்தே?" என்றேன்.

"வீட்டுல உக்காந்து பின்னுனா ஜெயில்ல இருக்கற மாதிரி இருக்குதுங்க்கா. இங்கன்னா கை பாட்டுக்குப் பின்னும், கண்ணு பாட்டுக்குப் பாக்கும்."

அவள் கண்கள் நிஜமாகவே பார்த்துக்கொண்டிருந்தன. கோரைப் புற்களில் உட்கார்ந்து கத்தும் ஒரு கறுப்புக் குருவியை அவள்தான் எனக்குக் காட்டினாள். பறக்கும்போது மட்டும் அதன் தோளில் சிவப்பும், சிவப்புக்குக் கீழே மெல்லிய மஞ்சள் கோடும் தெரியும். இரண்டு வாரம் கழித்து அதே நிறங்களில் ஒரு கூடை தயாராகியிருந்தது. உடம்பு முழுக்கக் கறுப்பு, வாய்க்குக் கீழே சிவப்புப் பட்டை, அதன் ஓரத்தில் ஒரே வரிசை மஞ்சள். அடுத்தது, கோடையில் காய்ந்து கிடக்கும் எதிர்க்குன்றுகள். வைக்கோல் நிறத்தில் ஒரு கூடை, அதில் ஓக் மரங்களைப் போல ஆங்காங்கே கரும்பச்சை முடிச்சுகள். அந்த வைக்கோல் நிற வயருக்காக ஊரிலிருந்து வருகிற எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தாள். கடைசியில் யாரோ ஒரு சூட்கேஸ் மூலையில் செருகிக்கொண்டுவந்து கொடுத்தார்கள்.

நானும் கற்றுக்கொள்ள உட்கார்ந்தேன். என் முடிச்சுகள் ஒன்று தொளதொளவென்றிருக்கும், இல்லாவிட்டால் வயர் விறைத்து நிற்கும். "பரவால்லீங்க்கா, வெங்காயம் போட்டு வெச்சுக்கலாம், காத்தாடும்" என்று சிரிப்பாள்.

பூங்காவில் வேலை பார்க்கும் ஒரு பெண்மணி சனிக்கிழமைகளில் ஒரு கூட்டத்தை அழைத்துக்கொண்டு நடந்து, மரங்களையும் பறவைகளையும் காட்டுவார். நாங்களும் சேர்ந்துகொண்டோம். அவர் சொல்லும் பெயர்களை நான் மறந்துவிடுவேன். இவளோ பறவைகளுக்குத் தானே பெயர் வைத்துவிடுவாள். வருஷத்துக்கு ஒருமுறை இலையுதிர் காலத்தில் அங்கே கைவினைச் சந்தை நடக்கும். மண்பாண்டம், மெழுகுவத்தி, பின்னலாடை என்று மரங்களுக்கடியில் மேஜைகள் போடுவார்கள். அந்த வருஷச் சந்தைக்குச் சில நாள் முன்பு எங்கள் பெஞ்சைத் தாண்டிப்போன அந்தப் பெண்மணி, குருவிக் கூடையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரு மேஜை காலியாக இருக்கிறது, நீங்கள் போடுகிறீர்களா?" என்று கேட்டார்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"கையில நாலு கூடைதான இருக்குது, மேஜை காலியாத் தெரியுங்க்கா. பின்னலாம்னு நெனச்ச வாத்துக் கூடை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை" என்றாள் அவள்.

எனக்கும் அது சரியென்றே பட்டது. "அடுத்த வருஷம் நிறையப் பண்ணி, கிராண்டா போடலாம்" என்றேன். விற்பனைக்கல்ல, பார்வைக்கென்று வைத்தால் விசாவுக்குப் பிரச்சினை இல்லை என்பதையும் அந்தப் பெண்மணியிடம் பேசிவைத்துக்கொண்டோம். சந்தையன்று வேடிக்கை பார்ப்பவர்களாகப் போய், ஆப்பிள் ஜூஸ் குடித்துவிட்டு, அடுத்த வருஷம் எந்த மரத்தடி நமக்கு என்று பேசிக்கொண்டே வீடு திரும்பினோம். நாலு கூடையோடு அன்றே உட்கார்ந்திருக்கலாம். நாலு போதாது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

மழைக்காலம் முழுக்க அவள் பின்னினாள். குன்றுகள் பச்சையாக மாறியதும் பச்சைக் கூடை வந்தது. வெள்ளை அலகுக் கறுப்பு நீர்க்கோழிக்கு ஒன்று, மாலை நேரத்து ஏரிக்கு ஒன்று. அவள் வீட்டில் இடம் போதாமல் என் வீட்டு அலமாரியிலும் அடுக்கினோம்.

கோடை விடுமுறையில் தம்பி கல்யாணத்துக்காக மகளோடு ஈரோட்டுக்குக் கிளம்பினாள். போகிறபோது சென்னை அமெரிக்கத் தூதரகத்தில் பாஸ்போர்ட்டில் புது விசா பதியும் ஸ்டாம்பிங்கையும் முடித்துக்கொள்வதாகத் திட்டம். ஏர்போர்ட்டுக்கு நான்தான் டிரைவ் பண்ணினேன். கணவருக்கு அன்று ஆபீசில் ஏதோ சாஃப்ட்வேர் ரிலீஸ். "ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள வந்துருவேன், வாத்துக் கூடைய வந்து முடிச்சுக்கறேன்" என்றாள்.

கல்யாணம் நன்றாக நடந்தது. தூதரகத்தில் விசா இன்டர்வியூவும் நன்றாகத்தான் போனதாம். ஆனால் மேலும் சரிபார்க்க வேண்டும் என்று பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டார்கள். பள்ளி திறந்தது. பாஸ்போர்ட் வரவில்லை. குழந்தையை ஈரோட்டிலேயே தற்காலிகமாக ஒரு பள்ளியில் சேர்த்தாள். அதற்குள் இங்கே அவள் கணவரின் டீமையே கலைத்துவிட்டார்கள். அவருடைய வேலையோடு அவள் காத்துக்கொண்டிருந்த விசாவும் போயிற்று. விசா விதிப்படி கிடைத்த அவகாசத்துக்குள் அவருக்கு வேறு வேலை அமையவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் தனியாக வீட்டைக் காலி பண்ணினார். சோபாவை யாரோ வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். குழந்தையின் சைக்கிளை அவரே குப்பைத்தொட்டி அருகே கொண்டுபோய் வைத்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பிறகு இரண்டு பெரிய பைகளோடு மேலே வந்தார்.

"கூடையெல்லாம் உங்ககிட்டயே இருக்கட்டும்னு சொன்னா. தொந்தரவுன்னா யார்கிட்டயாவது குடுத்துருங்க" என்றார். காபி குடிக்கச் சொன்னேன். நின்றுகொண்டே குடித்துவிட்டுப் போனார்.

சந்தைக்கு நான் மேஜை போட்டேன். போட வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் கூடைகள் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தன. அவளிடம் கேட்டபோது, "நீங்க உக்காந்தா நான் உக்காந்த மாதிரிதானுங்க்கா" என்றாள். நல்ல வெயில். மேஜை நிறைந்து, மிச்சக் கூடைகளைப் புல்லிலும் வைக்க வேண்டியிருந்தது.

மதியம் ஒரு முதியவர் நாயோடு வந்தார். தினமும் ஏரியைச் சுற்றும்போது பார்த்திருக்கிறேன், பேசியதில்லை. கறுப்புக் கூடையைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "அட, இது நம் ஏரிக் குருவி இல்லையா!" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை, எங்கும் எழுதியும் வைக்கவில்லை. அவராகவே கண்டுபிடித்தார். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர்கள் இருவரும் மற்ற கூடைகளையும் குன்று, நீர்க்கோழி என்று ஒவ்வொன்றாக அடையாளம் சொல்லத் தொடங்கினார்கள், விடுகதைக்கு விடை சொல்வது போல. சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது.

"நீங்கள் பண்ணியதா?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"இல்லை, என் சிநேகிதி."

"அவர் எங்கே? பார்க்க வேண்டுமே."

ஊருக்குப் போயிருக்கிறாள் என்றேன். போனை எடுத்து அவளைக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அங்கே எல்லோரும் தூங்கும் நேரம் என்பது அப்புறம்தான் உறைத்தது. போனைப் பைக்குள் வைத்துவிட்டு, எல்லோரையும் பார்த்துச் சிரித்தபடி நின்றேன். அந்தச் சந்தோஷத்தில் ஒரு துளியும் எனக்குச் சேர வேண்டியதில்லை.

மறுநாள் நடந்ததைச் சொன்னேன். குருவியைக் கண்டுபிடித்த இடத்தில் சத்தமாகச் சிரித்தாள். பிறகு, "நேர்ல கேட்டிருக்கோணுங்க்கா" என்றாள். அவ்வளவுதான்.

இப்போது அவர்கள் கோயம்புத்தூரில் இருக்கிறார்கள். கணவருக்கு அங்கே வேலை கிடைத்துவிட்டது. அவளும் ஒரு பள்ளி அலுவலகத்தில் சேர்ந்திருக்கிறாள். எத்தனையோ வருஷங்களுக்குப் பிறகு சொந்தச் சம்பளம். போன மாதம் பேசும்போது, இப்போதெல்லாம் கூடை பின்னுகிறாயா என்று கேட்டேன்.

"எங்கீங்க்கா நேரம்? காலைல பஸ்ஸப் புடிக்கவே சரியா இருக்குது." பிறகு அவளே சொன்னாள். "எனக்கு வருத்தமெல்லாம் இல்லீங்க்கா. அங்க எனக்குன்னு இருந்தது அந்த ஏரியும் நீங்களுந்தானே? மத்தபடி நாள் பூரா சுவத்தத்தான பாத்துட்டிருந்தேன்."

அவள் சொன்னது உண்மை. அவளுக்கு அங்கே நல்லபடியாக அமைந்திருப்பதில் எனக்கு நிம்மதியும்கூட. ஆனால் எனக்கும் இந்த ஊரில் அவ்வளவுதான் இருந்தது என்று சொல்ல வாய் வரை வந்தது. அதற்குள் பின்னால் அவள் மகள் ஏதோ கேட்க, பேச்சு அரைப்பரீட்சைக்கும் தமிழில் அவள் வாங்கிய மார்க்குக்கும் போய்விட்டது.