ஓரகத்தியின் கத்தரி

துணியில் கத்தரியை வைக்கும் முன் மேசை விளிம்பில் அதை இரண்டு முறை தட்டுவது தையல்காரியின் பல வருஷப் பழக்கம். பிடியில் கந்தல் சுற்றிய பழைய கத்தரி. அவள் கைக்கு மட்டுமே அது பணியும்.

தெருக்கோடிப் பொதுக்கூடத்துக்கு ஓர் ஓவியரும் ஓர் இசைக்காரரும் வந்தார்கள். தெருக்காரர்களை அவரவர் தினமும் கையாளும் பொருளைக் கொண்டுவரச் சொன்னார்கள். ஒருவர் அதை வரைவார். மற்றவர் அதன் சத்தத்தை வைத்து மெட்டுக் கட்டுவார். நாலு பேர் முன்னால் கந்தலைக் காட்டுவதா என்று கூசிப்போன தையல்காரி, "ஒரு பட்டுத்துணி வெட்டணும்க்கா" என்று பொய் சொல்லி, ஓரகத்தியின் பளபளக்கும் புதுக் கத்தரியை வாங்கிப் போனாள்.

"வெட்டிக் காட்டுங்கம்மா, சத்தம் கேக்கட்டும்" என்றார் இசைக்காரர். கத்தரி துணியைக் கடித்துக்கொண்டு நின்றுவிட்டது.

"என்னம்மா, உங்களோடயே சண்டை போடுதே! உங்க கத்தரிதானா?"

"என்னோடதுதாங்க. பல வருஷமா இதுலதான் வெட்டறேன்" என்று நிமிர்ந்தவள், கதவருகே ஓரகத்தி நிற்பதைக் கண்டாள். வேடிக்கை பார்க்க வந்திருந்தாள். தையல்காரி சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள்.

ஓரகத்தி ஒரு கணம் அவளையே பார்த்தாள். பிறகு, "ஆமாங்க, அவளோடதுதான். இப்பத்தான் சாணை பிடிச்சா, அதான் முறுக்கிக்குது" என்றாள். கூடமே சிரித்தது. தையல்காரி குனிந்த தலையைத் தூக்கவில்லை.

அந்தக் கத்தரியின் படம் தையல்காரியின் பெயரோடு இன்றும் கூடத்துச் சுவரில் இருக்கிறது. ஓரகத்தி கத்தரியைத் திருப்பிக் கேட்கவில்லை. எந்த முகத்தோடு கொண்டுபோய்க் கொடுப்பது என்று இவளும் போகவில்லை.