கேசவன் இருந்த ஏகாதசி

வைகுண்ட ஏகாதசிக்கு மறுநாள் காலை, வண்ணார்பேட்டை ஜயலக்ஷ்மி டீச்சர் வீட்டுப் பின்கட்டில் கேசவன் விறைத்துக் கிடந்தான்.

கேசவன் ஒரு கினிப்பன்றி. பன்றி என்றதும் யாரும் முகத்தைச் சுளிக்க வேண்டாம். எலியாகவும் இல்லாமல், முயலாகவும் இல்லாமல், பாதியில் மனம் மாறிய மாதிரி வாலில்லாத ஓர் உருண்டை, அவ்வளவுதான். டீச்சரின் அண்ணன் மகள் மாதுரி கல்யாணமாகி பெங்களூருக்குப் போகும்போது மூன்றை அத்தையிடம் தள்ளிவிட்டுப் போனாள். பெருமாளே எடுத்த அவதாரமாயிற்றே என்று டீச்சரும் மனதைத் தேற்றிக்கொண்டார். மாதுரி வைத்த இங்கிலீஷ் பெயர்களைக் களைந்துவிட்டு கேசவன், மாதவன், கோவிந்தன் என்று நாமகரணம் செய்தார். பெயர் வந்ததும் கூடவே ஆசாரமும் வந்தது.

டீச்சர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு எடுப்பவர். வயது ஐம்பது. பிள்ளையில்லை. எடுத்த எதையும் பாதியில் விட்டதில்லை. தசமி மத்தியானச் சாப்பாட்டோடு அவர் வீட்டு அடுப்பு அணைந்தால், துவாதசி விடிந்துதான் எரியும். "இந்த ஆத்துக் கூரைக்குக் கீழே இருக்கற ஜீவன் எதுவானாலும் சரி, ஏகாதசியன்னிக்கு வாய் அசையப்படாது" என்பது சட்டம். தபால் ஆபீசில் வேலை பார்க்கும் கணவர் அனந்தநாராயணன் அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர். ஆடி மாதத்திலிருந்து கினிப்பன்றிகளும் கட்டுப்பட்டன.

அதிசயம் என்னவென்றால், அவை வாடவே இல்லை. ஏகாதசிக்கு ஏகாதசி கொழுத்தன என்றுகூடச் சொல்லலாம். "பூர்வஜன்ம வாசனை" என்று பள்ளிக்கூடத்தில் டீச்சர் சொல்லாத ஆள் கிடையாது.

இப்போது கேசவன் கிடக்கிறான். டீச்சர் தொட்டுப் பார்த்தார். தூக்கம் என்றுதான் முதலில் நினைத்தார். புரட்டியபோது நான்கு காலும் குச்சியாக நின்றன. பின்கதவுத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டாலே விசிலடிக்கிற மாதவனும் கோவிந்தனும் மூலையில் மயிரைச் சிலிர்த்துக்கொண்டு ஒட்டிக் கிடந்தன. வாய்க்கு நேராக அறுகம்புல்லை நீட்டினார். மோந்துகூடப் பார்க்கவில்லை.

பக்கத்து வீட்டு நீலாம்பாள் மாமி ஓடி வந்தாள். பார்த்தவுடன் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"அழாதேடி ஜயா! பட்டினி கிடந்து, சொர்க்கவாசல் திறந்திருக்கற நேரமாப் பார்த்துப் போயிருக்கு. நேரே உள்ளே நுழைஞ்சிருக்கும். நமக்கெல்லாம் இது வாய்க்குமா?"

விஷயம் தெருவுக்குப் பரவியது. துக்கம் கேட்க வந்தவர்களைவிடக் கூண்டைக் கும்பிட வந்தவர்கள் அதிகம். டீச்சருக்கு ஒன்றும் காதில் விழவில்லை. கைவிரலில் கேசவனின் குளிர்ச்சி ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்றது.

ஏகாதசிக்கு முந்தின நாளே ஸ்ரீவைகுண்டத்துக்குச் சேவிக்கப் போயிருந்த அனந்தநாராயணன் அந்த நேரம் பார்த்துப் பிரசாதப் பையோடு வந்து சேர்ந்தார். கூண்டைப் பார்த்தார். பை கையிலிருந்து நழுவியது. "ஐயோ, போச்சா!" என்றார். அதில் துக்கத்தைவிட வேறொன்று அதிகமாக இருந்ததை டீச்சர் அப்போது கவனிக்கவில்லை. ஆட்டோ பிடித்து மிச்ச இரண்டையும் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள்.

டாக்டர் ஆரிப் கோவிந்தனின் வயிற்றை அழுத்திப் பார்த்தார்.

"கடைசியா எப்பம்மா தீவனம் வச்சிய?"

"தசமி மத்தியானம்."

"அதுக்கப்புறம்?"

"ஏகாதசி."

"உங்களுக்குச் சரி. இதுக்கு?"

"ஆத்துல எல்லாருக்கும்தான்."

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி மேஜையில் வைத்தார். "அம்மா, நான்கூட இன்னைக்கு நோன்புதான். ரம்ஜான் மாசமுல்லா? ஆனா எங்க வீட்டு ஆட்டுக்கு நோன்பு கிடையாது. அது பாட்டுக்கு ரெண்டு வேலியத் தின்னுட்டுக் கிடக்கு. இதுக குடலு ராவும் பகலும் அரைச்சுக்கிட்டே இருக்கணும். நின்னு போச்சுன்னா திரும்ப ஓட்டுதது பெரும்பாடு."

"ஆடியிலேர்ந்து இருந்துண்டுதானே வரதுகள்? அப்போ ஒண்ணும் ஆகலையே!"

"அதான் எனக்கும் விளங்கல. இருந்திருக்கவே முடியாதே."

அனந்தநாராயணன் சுவரில் இருந்த கோமாரித் தடுப்பூசி விளம்பரத்தை உருப்போடுகிறவர் மாதிரிப் படித்துக்கொண்டிருந்தார்.

"ஏன்னா?" என்றார் டீச்சர்.

"கொத்தமல்லி" என்றார் அவர் சுவரிடம். "நீ சகஸ்ரநாமம் சொல்ற நேரத்துல போடுவேன். அப்பப்போ கேரட்டும். கத்தித்து, மனசு கேக்கலை. இந்தத் தடவை நீதானே ஊருக்குப் போய்ச் சேவிச்சுட்டு வாங்கோன்னு அனுப்பிச்சே?"

"அப்போ நீங்க?"

"ஜங்ஷன்ல... ரெண்டு இட்லி."

"எப்போலேர்ந்து?"

"இதுகளுக்கு ஆடியிலேர்ந்து."

"உங்களுக்கு?"

"கல்யாணமான வருஷத்துலேர்ந்து."

டாக்டருக்கு அவசரமாக இருமல் வந்தது.

டீச்சர் பெஞ்சில் உட்கார்ந்தார். இத்தனை வருஷமும் அந்த வீட்டில் ஏகாதசி இருந்தது தான் ஒருத்திதான். நேற்று மட்டும் கூட மூன்று பேர். கொத்தமல்லிக் கை வரும் வரும் என்று கேசவன் கம்பியில் மூக்கை வைத்துக் காத்துக் கிடந்திருப்பான். அவன் கத்தியதும் காதில் விழத்தான் செய்தது. பஜனை பண்ணுகிறான் என்று டீச்சர் நினைத்திருந்தார்.

"இப்ப அழுது என்னம்மா செய்ய?" என்றார் டாக்டர். "ஒண்ணு போன ஏக்கத்துலயே மத்தது தின்னாம கிடக்கும். ரெண்டையும் பிரிச்சிராதிய. ஈரத்த மாத்தி, கதகதப்பா வைங்க. புல்ல அரைச்சு, ஊசியில்லாத சிரிஞ்சில கடைவாயோரமா பையப் பைய விடுங்க. நெல்லிக்காய் இருக்கா?"

"பாரணைக்கு வச்சிருக்கேன்."

"அதுல துளிச் சாறு சேருங்க. புழுக்கை விழுதான்னு பாருங்க. விழுந்தா பிழைச்சுக்கும்."

வீட்டுக்கு வந்ததும் அனந்தநாராயணன் கொல்லை மரத்தடியில் குழி தோண்டினார். கேசவனோடு ஒரு கட்டுக் கொத்தமல்லியும் போடச் சொன்னார் டீச்சர். அவர் போட்டார், தலை நிமிராமல்.

விரதம் முடிக்கும் பாரணைக்கு என்று பெருமாள் முன்னால் வைத்திருந்த நெல்லிக்காயை டீச்சர் எடுத்தார். இன்னும் நைவேத்தியம் ஆகவில்லை. பெருமாள் தளிகைக்கு மட்டுமே தொடும் மடி மிக்ஸியில் அதைப் புல்லோடு போட்டு ஓட்டினார். பின்வாசலில் நின்ற நீலாம்பாள் மாமிக்கு வாய் திறந்தபடி நின்றுவிட்டது.

மாதவன் சீக்கிரமே மசிந்துவிட்டான். மத்தியானத்துக்குள் தானாகவே புல்லை இழுத்தான். கோவிந்தன்தான் பல்லைக் கிட்டித்துக்கொண்டான். விட்டதில் பாதி தாடையில் வழிந்தது. டீச்சர் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டு மறுபடி விட்டார்.

"துவாதசி போயிண்டே இருக்குடி! இன்னும் பச்சைத் தண்ணி உன் பல்லுல படலையே. விரதமே வீணாப் போயிடும்!" என்றாள் மாமி.

"போகட்டும் மாமி."

ஜயலக்ஷ்மி டீச்சர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வரும் என்று அந்தத் தெரு கனவுகூடக் கண்டதில்லை. மாமி நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டாள்.

சாயங்காலம் மடியில் கிடந்த கோவிந்தன் நெளிந்தான். டீச்சர் குனிந்து பார்த்தார். கூண்டைத் தொட்டால்கூடக் குளிப்பவர், விரலால் பொறுக்கி உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"ஏன்னா! போட்டுட்டான்னா! கோவிந்தன் போட்டுட்டான்!"

தெருமுனை பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அனந்தநாராயணன் பாதிச் சவரத்தோடு ஓடி வந்தார்.

"ரெண்டு புழுக்கை, மாமி, பாருங்கோ" என்று டீச்சர் கையை நீட்டினார்.

மாமி இரண்டடி பின்வாங்கினாள். டீச்சர் எழுந்து போய், அவள் கண்ணுக்கு நேராக நீட்டினார்.